தப்பாகச் சொன்னால் என்ன நடக்கும்?

2025 ஜூலையில் தமிழ்நாட்டின் ஆசிரியர் அறைகளில் சில நாட்கள் பெஞ்சுகளைப் பற்றியே பேச்சாக இருந்தது. மாணவர்களை வரிசை வரிசையாக உட்கார வைப்பதை விட்டுவிட்டு, ‘ப’ வடிவில் உட்கார வையுங்கள் என்று பள்ளிக் கல்வித் துறை சொன்னது. கேரளத்தில் சில பள்ளிகள் அதற்கு முன்பே மாறியிருந்தன. கடைசி பெஞ்ச் பையன்களின் கதையைச் சொன்ன ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’ என்ற மலையாளப் படம்தான் அதற்குத் தூண்டுகோல். இங்கே அறிவிப்பு வந்ததும் கேள்விகள் கிளம்பின. ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் அறையில் ‘ப’ போட இடம் எங்கே? ஓரத்துப் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்காதா? கரும்பலகை தெரியுமா? கடைசியில் அந்த அறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையைப் பற்றி மாநிலமே சில நாட்கள் பேசியது நல்ல விஷயம். பேச்சு மேசை நாற்காலியோடு முடிந்துபோனதுதான் வருத்தம்.

‘மாப்பிள்ளை பெஞ்ச்’ என்று நாம் செல்லமாகச் சொல்லும் அந்த இடத்துக்குப் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்? உயரமாக இருப்பதால் அனுப்பப்பட்டவர்கள் சிலர். மற்றவர்கள் தாங்களாகவே போய் ஒளிந்துகொண்டவர்கள். அங்கே ஆசிரியரின் கண் அதிகம் படாது. கண் படாவிட்டால் கேள்வி வராது. கேள்வி வந்தால்தானே தப்பாகச் சொல்ல வேண்டியிருக்கும், தப்பாகச் சொன்னால்தானே நாற்பது பேர் சிரிப்பார்கள்? அந்தப் பயத்தைத் தொடாமல் பெஞ்சை மட்டும் திருப்பிப் போட்டால், பயமும் பையனோடு எழுந்து வந்து புது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் சுவரில் ஒட்டியிருக்கும் பொன்மொழிகளைப் பார்ப்பதில்லை. ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை தப்பான விடை சொல்லும்வரை காத்திருப்பேன். அதற்கு அடுத்த அரை நிமிடத்தில் அந்த அறையில் நடப்பதுதான் அந்த வகுப்பின் பண்பாடு. ஆசிரியரின் முகம் எப்படி மாறுகிறது, பக்கத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், தப்பாகச் சொன்ன பிள்ளை மறுபடி வாய் திறக்கிறதா. இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

இரண்டின் கீழ் ஐந்து

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு, கணக்குப் பாடவேளை. பின்னங்கள் நடந்துகொண்டிருந்தன. பலகையில் 1/2 + 1/3 என்று எழுதிவிட்டு, ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார் ஆசிரியர். “நீ சொல்லும்மா.”

அந்தப் பெண் எழுந்து, “இரண்டின் கீழ் ஐந்து சார்” என்றாள்.

கணக்கு வாத்தியார்கள் எல்லோருக்கும் பழகிய தப்பு இது. மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறாள். முன்வரிசையில் நாலைந்து கைகள் உடனே எழுந்தன. “சார்... சார்... நான் சொல்றேன் சார்.” யாரோ களுக்கென்று சிரித்ததும் கேட்டது.

ஆசிரியர் தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பலகையில் 2/5 என்று எழுதினார். “கையை இறக்குங்க. எப்படிம்மா வந்துச்சு, சொல்லு கேப்போம்.” அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “வேற யாருக்கெல்லாம் இதே விடை வந்திருக்கு? உண்மையைச் சொல்லுங்க.” முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு கை. அப்புறம் அங்கங்கே இன்னும் சில. அதுவரை தனியாக நின்றுகொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். தோள் கொஞ்சம் இறங்கியதை என்னால் பார்க்க முடிந்தது.

“சரி. அரை லிட்டர் பால் இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் ஊத்துறோம். பால் கூடுமா குறையுமா?”

“கூடும் சார்!”

“அப்போ இங்க பாருங்க. அரையோட மூன்றில் ஒன்றைச் சேர்த்திருக்கோம். இரண்டின் கீழ் ஐந்து வந்திருக்கு. அது அரையைவிடப் பெருசா சின்னதா?”

அறை அமைதியானது. ஐந்து பங்கில் இரண்டு. பாதி என்றால் இரண்டரைப் பங்கு வேண்டும். சில பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள். ஒருவன் நோட்டில் கட்டம் போட்டான். முதலில் கண்டுபிடித்தது தப்பாகச் சொன்ன அந்தப் பெண்தான். “சார், இது அரையைவிடக் கம்மி சார். ஊத்துன பிறகு குறைஞ்சிருக்கு. அப்படி வராது சார்.”

“ஏன் வராதுன்னு இப்ப எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்” என்று ஆசிரியர் பகுதிகளைச் சமமாக்கும் பாடத்துக்குள் போனார். 2/5-ஐ அவர் அழிக்கவில்லை. பலகையின் ஓரத்தில் மணி அடிக்கும்வரை அது இருந்தது. நடுவில் இரண்டு முறை அதைச் சுட்டிக்காட்டி, “இந்த விடை வராம இருந்திருந்தா நாம இதை யோசிச்சிருக்கவே மாட்டோம்” என்றார்.

இதெல்லாம் நடக்க ஐந்தாறு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் அந்தப் பிள்ளைகள் கணக்கைத் தவிர வேறு சிலவற்றையும் கற்றுக்கொண்டார்கள். தப்பு வந்தால் அதைத் திறந்து பார்க்கலாம், தப்பாகச் சொன்னவரே அதைத் திருத்தலாம், விடை தெரிந்தவன் அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்பவை அவை. ‘நேர்மறை வகுப்பறை’ என்று பயிற்சிக் கூட்டங்களில் பெரிதாகப் பேசப்படுவது எனக்கு இந்த உருவத்தில்தான் புரிகிறது. பாராட்டு மழை பொழிவதும், எல்லாவற்றுக்கும் கைதட்டச் சொல்வதும் வேறு சங்கதி. அந்த ஆசிரியர் அன்று யாரையும் ‘வெரி குட்’ என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பொறுக்க முடியாத மௌனம்

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்து பார்த்தார். 1970-களில் வெளிவந்த அந்த ஆய்வுகளின் முடிவு ஆசிரியர்களையே திடுக்கிட வைத்தது. சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் விடை வராவிட்டால் அடுத்தவரைக் கேட்கிறார்கள், இல்லையென்றால் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள். ‘தெரியாது’ என்ற பதில் குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

அவர் கண்டறிந்த இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று ஆசிரியர் நினைத்தவர்களுக்குக் கூடுதல் நேரமும், படிக்காத பிள்ளை என்று நினைத்தவர்களுக்குக் குறைந்த நேரமும் கிடைத்தன. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிற பிள்ளைக்குத்தான் குறைந்த நேரம். ஆசிரியர் வேண்டுமென்று செய்வதில்லை. அந்தப் பிள்ளை திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், சங்கடத்திலிருந்து விடுவிப்பதாக நினைத்து, “சரி, நீ உட்காரு, பக்கத்துல இருக்கிறவன் சொல்லு” என்கிறார். பிள்ளைக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது: உன்னிடம் இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

நம் வகுப்புகளில் இந்த ஒரு விநாடிகூடக் கிடைப்பது அரிது. ஆசிரியர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார், வகுப்பே கோரஸாக மீதியைச் சொல்லும். “தாவரங்கள் உணவு தயாரிக்கும் முறைக்கு ஒளிச்...” “சேர்க்கை!” பார்க்க உற்சாகமாக இருக்கும். அந்தக் கோரஸுக்குள் பத்துப் பேர் வெறுமனே வாயசைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று விநாடி மௌனத்துக்கு இந்தச் சத்தத்தைவிட அதிக வேலை இருக்கிறது. அதைப் பழகுவதற்கு ஆசிரியருக்குத்தான் முதலில் தைரியம் வேண்டும்.

பெயர் வைத்தவர் யார்?

நம் உயர்நிலைப் பள்ளிகளில் புழங்குகிற ஒரு சொல்லை நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். ‘மெல்லக் கற்போர்.’ காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பட்டியல் தயாராகும். தலைமையாசிரியர் கேட்பார், மேலிருந்து அதிகாரியும் கேட்பார். அந்தப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, தனிக் கையேடு. உதவி செய்யும் எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் “ஸ்லோ லேனர்ஸ் எல்லாம் நாலு மணிக்கு இருங்க” என்று வகுப்பு வாசலில் நின்று கத்தும்போது, அது ஒரு தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றிய குறிப்பாக இருப்பதில்லை. அந்தப் பிள்ளையின் பெயராகவே ஆகிவிடுகிறது.

1968-ல் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் ‘பிக்மேலியன் இன் த கிளாஸ்ரூம்’ என்ற நூலை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் சில பிள்ளைகளின் பெயர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு அறிவில் வேகமாக முன்னேறப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அப்படித் தெரியவில்லை. அந்த ஆய்வின் முறை பற்றிப் பிற்பாடு நிறைய விவாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. விவாதம் எப்படிப் போனாலும், இருபது வருடம் வகுப்பில் நின்ற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்: நாம் எதிர்பார்க்கிற பிள்ளையிடம் நம் குரலே வேறு.

இதில் வயது முக்கியம். ஒன்றாம் வகுப்பில் வைக்கும் பெயர் ஆழமாக ஒட்டிக்கொள்ளும். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டார்கள். எண் போடாமல், தரம் பிரிக்காமல், மாறக்கூடிய நிலை என்பதை உணர்த்தும் நல்ல முயற்சி அது. ஆனால் ‘நீ இன்னும் அரும்புதானா?’ என்று கேலிக்குரலில் கேட்டால் அந்தச் சொல்லும் கெட்டுப்போகும்.

பலகையின் ஓரம்

நாம் எல்லோரும் படித்த வகுப்புகளில் ஒரு வழக்கம் இருந்தது. இன்றும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆசிரியர் வெளியே போகும்போது கிளாஸ் லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவார். பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு விழும். கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னொரு முறை பேசினால் இன்னொன்று. லீடரின் நண்பன் பேசினால் பெயர் வராது. லீடரோடு சண்டை போட்டவன் பேசாமல் இருந்தாலும் வரும். ஆசிரியர் திரும்பி வந்து, விசாரணை எதுவும் இல்லாமல், பட்டியலில் இருப்பவர்களை வெளியே நிற்க வைப்பார்.

அதிகாரம் என்றால் என்ன, நீதி எப்படி வழங்கப்படுகிறது, கோள் சொன்னால் என்ன லாபம் என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே பாடமாகிறது. குடிமையியல் பாடத்தில் அரசமைப்புச் சட்டத்தை நடத்திவிட்டு, அடுத்த பாடவேளையில் இந்தப் பட்டியலைப் போடுகிறோம். பிள்ளை எதை நம்பும்?

இதற்கு மாற்றாகச் சில ஆசிரியர்கள் செய்வது எளிமையானது. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பே உட்கார்ந்து பேசி நாலைந்து விதிகளை எழுதுகிறார்கள். ‘ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும்’, ‘தப்பாகச் சொன்னவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது’, ‘பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது’. ஆசிரியருக்கும் விதி உண்டு. பாடவேளைக்கு நேரத்தில் வர வேண்டும், ஒருவர் செய்த குறும்புக்கு வகுப்பையே தண்டிக்கக் கூடாது. விதி மீறல் நடந்தால் ‘ஏன் செஞ்சே?’ என்று அதட்டுவதற்குப் பதில், யாருக்கு என்ன பாதிப்பு வந்தது, அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கிறார்கள். கண்டிப்பு இல்லாத வகுப்பு என்று இதை நினைத்துவிட வேண்டாம். உண்மையில் இது கடினமான கண்டிப்பு. வெளியே நிற்பது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தான் கேலி செய்த பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கு எப்படி வலித்தது என்று கேட்டு, பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

சிரிப்பை அனுமதிக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். நிறம், உடம்பு, திக்குவாய், அப்பாவின் தொழில், பேச்சுவழக்கு என்று எதற்கும் சிரிக்கிற வகுப்பில் ஒரு பிள்ளையும் நிம்மதியாக இருக்காது, இன்று சிரிக்கிறவர் உட்பட. திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்கள். ழகரமும் றகரமும் தடுமாறும் அந்தப் பிள்ளை முதல் வாரத்தில் சிரிப்பை வாங்கினால் வருடம் முழுக்க ஊமை. அதே வாரத்தில் “உங்க ஊர்ல தண்ணிக்கு என்ன சொல்வீங்க? எங்களுக்குச் சொல்லிக்கொடு” என்று ஆசிரியர் கேட்டால், அவனும் அந்த வகுப்பில் ஓர் ஆசிரியன்.

பெஞ்சுக்கு அடியில் இருக்கும் சாதி

தமிழ்நாட்டில் வகுப்பறைப் பண்பாட்டைப் பற்றி எழுதிவிட்டுச் சாதியைத் தவிர்த்தால் அது பாதி உண்மைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயப்பட்டாள். வெட்டியவர்கள் அவரோடு பள்ளியில் படித்த மாணவர்கள். பள்ளியில் தனக்கு நடந்த தொல்லையை அவர் ஆசிரியரிடம் சொன்னதற்குப் பழிவாங்கலாகவே இது நடந்தது. அதன்பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை அனுமதிக்கக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

உட்காரும் இடத்துக்கு நீதிபதியின் அறிக்கை வரை போக வேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை அவரவர் விருப்பப்படி உட்கார விட்டால், பல ஊர்களில் தெருவின் வரைபடம்தான் வகுப்பில் விழும். எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று பெஞ்சே சொல்லிவிடும். கயிறு கட்டுவதை ‘ஏதோ கோயில் கயிறு’ என்று பார்க்காமல் விடும் ஆசிரியருக்கும் உள்ளுக்குள் அது என்னவென்று தெரியும்.

அதைவிட நுட்பமான காயம் ஒன்றை நல்லவர்களே செய்கிறார்கள். உதவித்தொகைப் படிவம் வந்ததும், “எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க, எத்தனை பேர்னு எண்ணணும்” என்று வகுப்பு நடுவில் சொல்வது. சட்டப்படி கிடைக்க வேண்டிய உதவியை வாங்க, அந்தப் பிள்ளை முப்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கிற ஆசிரியர் சமூக நீதிக்குச் செய்வது மேடைப் பேச்சைவிடப் பெரிது.

கண்ணை மட்டும் விட்டுட்டு...

“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்.” பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் ஆசிரியரிடம் சொல்லும் இந்த வாசகத்தைக் கேட்காத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ‘என் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கிறேன்’ என்பதன் பழைய வடிவம் அது. ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி வேறு துணைக்கு வரும். ஆனால் சட்டம் எப்போதோ மாறிவிட்டது. 2003-லேயே தமிழ்நாடு கல்வி விதிகளில் திருத்தம் செய்து பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தார்கள். 2009-ல் நாடாளுமன்றம் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது.

இரண்டாவது பாதியைத்தான் நாம் இன்னும் சரியாக வாசிக்கவில்லை. பிரம்பு பெரும்பாலான வகுப்புகளிலிருந்து போய்விட்டது. நாக்கு போகவில்லை. விடைத்தாளைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக் கொடுப்பது, ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்பது (மாடு மேய்த்துப் பிழைக்கும் அப்பாவின் மகனும் அங்கே உட்கார்ந்திருப்பான்), அண்ணனோடும் அக்காவோடும் ஒப்பிடுவது, பத்தாம் வகுப்புப் பையனை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்கார் என்பது. இவை எதுவும் கையில் தழும்பு விடாது. ஆனால் நாற்பது வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வாங்கிய அடியை மறந்திருப்பார்கள், கேட்ட ஒரு சொல்லை வருடம் தேதியோடு சொல்வார்கள்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவல் ஆசிரியர் கூட்டங்களில் இத்தனை ஆண்டுகளாக வாசிக்கப்பட்டு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கேள்வி கேட்டதற்காக அடிபட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவியின் கதை. அதை ஓர் ஆசிரியையே சொல்கிறார். கொடுமைக்காரி ஒருத்தியைக் காட்டிவிட்டு அந்தக் கதை நம்மைத் தப்பிக்க விடுவதில்லை. சாதாரணமான, களைத்துப்போன, பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் ஆசிரியர்களைக் காட்டுகிறது.

தரையில் உட்கார்ந்த காலம்

இதையெல்லாம் தனி ஆசிரியரின் நல்ல மனசுக்கு விட்டுவிட்டால் போதுமா? அமைப்பு மாறினால் மனசும் மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி, சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

அட்டைகள், தட்டுகள், கற்றல் ஏணி என்று அதன் கருவிகளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்குப் பெரிதாகப் பட்டது அறையின் உயரம் மாறியதுதான். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு பகுதியாகக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். நன்றாக வரைந்தவருடையது மட்டும் என்றில்லை, எல்லோருடையதும். வருகையைப் பிள்ளையே பதிந்துகொண்டது. ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அதற்கே தெரிந்தது. பக்கத்துப் பிள்ளை முன்னால் போய்விட்டதே என்ற பதற்றம் குறைந்தது. இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம்.

அந்த முறையில் குறைகள் இருந்தன. அட்டையோடு அட்டையாகப் பிள்ளை தனித்துப்போகிறது, ஆசிரியர் கதை சொல்லிப் பாட்டுப் பாடி நடத்தும் நேரம் சுருங்குகிறது என்று ஆசிரியர்களே சொன்னார்கள். கிழிந்த அட்டைகளுக்கு மாற்று வராத பள்ளிகளும் உண்டு. பிறகு மாற்றங்கள் வந்து, இன்று வேறு திட்டங்கள் நடக்கின்றன. ஆனால் ஆசிரியர் தரையில் உட்கார்ந்த அந்தக் காலத்தில் படித்த பிள்ளைகள், பெரியவர்களிடம் பயமில்லாமல் வந்து பேசினார்கள் என்பதை அன்று பள்ளிகளுக்குப் போய் வந்த பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். திட்டங்கள் மாறும்போது இந்த மாதிரிக் கிடைத்த நல்லவற்றை எண்ணி எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் துறைக்கு வர வேண்டும்.

வயிறும் இதில் சேரும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தைக் கல்வித் திட்டமாகவே நான் பார்க்கிறேன். முதல் பாடவேளையில் எரிச்சலோடு, கவனமில்லாமல், பக்கத்துப் பையனைக் கிள்ளிக்கொண்டு இருந்த பிள்ளைக்கு ஒழுக்கக் குறைபாடு என்று நினைத்தோம். பல பேருக்கு அது பசி.

ஆசிரியரை யார் மதிக்கிறார்கள்?

ஆய்வுக்கு வரும் அதிகாரி, வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளையை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்பார். புது முகத்தைப் பார்த்த பயத்தில் பிள்ளை தடுமாறும். “என்ன டீச்சர் நடத்துறீங்க? சம்பளம் மட்டும் கரெக்டா வாங்கறீங்கல்ல?” என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டுப் போவார். அவர் ஜீப் ஏறிப் போனபிறகு, அந்த ஆசிரியை தடுமாறிய பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறீர்கள்? தப்பாகச் சொன்னால் அவமானம் நடக்கும் என்பதை மேலிருந்து அவருக்கும் இப்போதுதானே கற்றுக்கொடுத்தார்கள்?

வகுப்பறையில் மரியாதை வளர வேண்டுமென்றால் அது ஆசிரியர் அறையிலும், தலைமையாசிரியர் அறையிலும், வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள், ஒரே நாளில் மூன்று படிவங்கள், ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகள் என்று இருக்கும் ஒருவரிடம் மூன்று விநாடி பொறுமையாக இரு என்று சொல்வதற்கு நமக்குக் கூச்சமாக இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. மொத்தக் கணக்கில் அந்த விகிதம் சரியாக வந்துவிடும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருவர் நிற்கிறாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

இத்தனை சுமைக்கு நடுவிலும் செய்கிறவர்கள் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அவர்கள் செய்வது பக்கத்து அறைக்குத் தெரிவதில்லை. 2/5-ஐ அழிக்காமல் வைத்த அந்தக் கணக்கு ஆசிரியரின் வகுப்பைச் சுவருக்கு அப்பால் இருக்கும் சக ஆசிரியர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். பாடவேளை அட்டவணையில் அதற்கு இடமில்லை. ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டங்களில் பவர்பாயிண்ட் காட்டுகிறார்கள், செயலியில் எப்படிப் பதிவது என்று சொல்கிறார்கள், மாலை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு பாடவேளை, ஒவ்வோர் ஆசிரியரும் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கொடுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம், புகைப்படம் எடுத்துக் குழுவில் போட வேண்டாம். பார்த்துவிட்டு இருவரும் டீ குடித்துக்கொண்டு பேசட்டும். இதற்குப் புதுக் கட்டடமோ, கருவியோ, நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்கலாம்.